மருந்துக்கு அடங்காத வலிப்பும் உணவு மருத்துவமும்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்று. மூன்றாவதும் சேர்த்தாயிற்று. ஆனாலும் பிள்ளைக்கு நாளைக்கு நாலு தடவை ஃபிட்ஸ் வருகிறது. அந்த நிலையில் டாக்டர், "டயட் ஆரம்பிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்பார். அதற்குப் பிறகு அந்த அம்மா அப்பாவோடு உட்கார்ந்து, தராசு எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து சொல்லிக்கொடுப்பதுதான் டயட்டீஷியனான என் வேலை. முதல் நாள் எல்லோரும் கேட்பது ஒன்றையேதான்: "நெய் சாப்பிட்டா வலிப்பு நிக்குமா மேடம்?"

நெய் மட்டும் சாப்பிட்டால் நிற்காது. மாவுச்சத்தைக் கிராம் கணக்கில் குறைத்து, அந்த இடத்தைக் கொழுப்பால் நிரப்பி, உடம்பை ஓரளவு பட்டினி நிலையிலேயே வைத்திருப்பதுதான் இந்த முறை. அப்போது கல்லீரல் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றும். குளுக்கோஸை எரித்துப் பழகிய மூளை கீட்டோனை எரிக்கத் தொடங்கும். அந்த மாற்றத்தில் நரம்பணுக்களின் மிதமிஞ்சிய கிளர்ச்சி அடங்குகிறது. எடை குறைக்கப் பெரியவர்கள் இருக்கும் பேலியோவுக்கும் இதற்கும் அரிசியை ஒதுக்குவது ஒன்றுதான் பொது. அதைப் பார்த்து இதை வீட்டில் நீங்களாகத் தொடங்கவே கூடாது. ஏன் என்பது இரண்டாம் படியில் வருகிறது.

இது நேற்று வந்த புதுமையும் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் 1921-லேயே இதற்குக் கீட்டோஜெனிக் உணவு என்று பெயர் வைத்தார். 1938-இல் ஃபெனிடாயின் வந்தபின் மாத்திரை எளிது என்று உலகம் இதை மறந்துவிட்டது. 1994-இல் ஜிம் ஏபிரஹாம்ஸ் என்ற ஹாலிவுட் இயக்குநர், இந்த உணவால் தன் மகனின் வலிப்பு நின்றதைப் பார்த்து, மகன் பெயரிலேயே சார்லி அறக்கட்டளையைத் தொடங்கினார். ஒரு தகப்பனின் பிடிவாதத்தால் இது திரும்பவும் மருத்துவமனைக்குள் வந்தது. 2008-இல் லண்டனில் 145 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், மூன்று மாத முடிவில் டயட்டில் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. டயட் தொடங்காமல் காத்திருந்தவர்களில் அது 6 சதவீதம்தான். நம் நாட்டில் டெல்லி எய்ம்ஸில், இந்த உணவின் எளிய வடிவமான மாற்றியமைத்த அட்கின்ஸ் முறையை வைத்து 2013-இல் வெளியான ஆய்வில் இந்த எண்கள் 52-ம் 11.5-ம். எல்லாக் குழந்தைக்கும் கேட்காது என்பதையும் இதே எண்கள்தான் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள்.

படி 1: உண்மையிலேயே மருந்துக்கு அடங்காத வலிப்புதானா?

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், சரியாகக் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால்தான் அந்தப் பெயர். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த நிலையில் இருக்கிறார். ஆனால் அப்படிச் சொல்லி அனுப்பப்படும் குழந்தைகளில் சிலருக்கு விஷயம் வேறாக இருக்கும். மருந்து அடிக்கடி விட்டுப்போயிருக்கும். பிள்ளை எடை கூடியும் மருந்தின் அளவு கூடியிருக்காது. அழுது மூச்சடங்கிப் போவதை வலிப்பு என்று நினைத்திருப்பார்கள். ஆகவே வலிப்பு வரும்போது ஒரு முறையாவது செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். பத்து நிமிடம் வாயால் விவரிப்பதைவிட அரை நிமிட வீடியோ அதிகம் சொல்லும்.

மூளையின் ஒரே இடத்திலிருந்து கிளம்பும் வலிப்பு என்றால், அறுவை சிகிச்சைக்கு வழியுண்டா என்பதை முதலில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து பலர் அதற்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்துக்குப் போய்வருகிறார்கள். அறுவையால் தீரக்கூடியதை உணவால் இழுத்துக்கொண்டிருப்பது பிள்ளையின் வருடங்களை வீணாக்கும்.

இன்னொரு பக்கம், கடைசிப் புகலிடமாக அல்லாமல் முதலிலேயே டயட் தொடங்க வேண்டிய நோய்களும் உண்டு. குளுக்கோஸை மூளைக்குள் கொண்டுசேர்க்கும் புரதத்தில் குறையுள்ள குளுட்-1 குறைபாடு அதில் முக்கியமானது. குளுக்கோஸ் உள்ளே போகாத மூளைக்குக் கீட்டோன்தான் சாப்பாடு. குழந்தை வெறும் வயிற்றில் இருக்கும்போது வலிப்போ தள்ளாட்டமோ கூடுகிறது என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிறுவயதிலேயே தொடங்கும் டிராவே, டூஸ் என்ற வலிப்பு நோய்க்குறிகள், கைக்குழந்தைகளின் உடல் மடங்கும் வலிப்பு ஆகியவற்றிலும் இந்த உணவு நன்றாகக் கேட்கிறது என்று பல மையங்களின் அனுபவம் சொல்கிறது.

படி 2: தொடங்கும் முன் பரிசோதனைகள்

நீங்களாகத் தொடங்காதீர்கள் என்று சொன்னேன். கொழுப்பை எரிக்கவே முடியாத, அல்லது இந்த உணவையே தாங்க முடியாத பிறவிக் குறைபாட்டோடு சில குழந்தைகள் பிறக்கிறார்கள். பிறவியிலேயே கார்னிடின் குறைவு, கொழுப்பமிலங்களை உடைக்கும் நொதிகளில் குறை, பைருவேட் கார்பாக்சிலேஸ் குறைபாடு, போர்ஃபைரியா என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தக் குழந்தைக்குச் சோற்றை நிறுத்திக் கொழுப்பைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. வெளியே பார்த்தால் அந்தக் குழந்தையும் மற்ற வலிப்புக் குழந்தையைப் போலத்தான் இருக்கும். பிரித்துக் காட்டுவது ரத்தத்தில் அசைல்கார்னிடின் பரிசோதனையும் சிறுநீரில் கரிம அமிலப் பரிசோதனையும்தான். "செலவு அதிகம், அப்புறம் பார்க்கலாமா?" என்று கேட்கும் பெற்றோரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த இரண்டை மட்டும் விடாதீர்கள்.

மற்றவை வழக்கமான பரிசோதனைகள்: கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு அளவு, கால்சியம், வைட்டமின் டி, உயரம், எடை. வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் இருந்தால் சொல்லுங்கள். பிள்ளை டோபிரமேட் அல்லது சோனிசமைடு சாப்பிட்டால் அதையும் நினைவூட்டுங்கள். அந்த மருந்துகளோடு டயட்டும் சேரும்போது கல்லும் ரத்தத்தில் அமிலத்தன்மையும் கூடலாம். அதைத் தடுக்கப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுப்பார்கள்.

படி 3: நாலு முறைகளில் எது உங்கள் வீட்டுக்கு?

பழைய, கண்டிப்பான முறைதான் கிளாசிக். இதில் எல்லாமே விகிதம். 4:1 என்றால், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம் இருக்கும் இடத்தில் கொழுப்பு 4 கிராம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4 கிராம் கொழுப்பில் 36 கலோரி, 1 கிராம் மற்றதில் 4 கலோரி, ஆக ஓர் அலகுக்கு 40. நாளைக்கு 1000 கலோரி வேண்டிய குழந்தைக்கு 25 அலகு. அதாவது 100 கிராம் கொழுப்பு, 25 கிராம் புரதமும் மாவுச்சத்தும். வளர்ச்சிக்குப் புரதம் 15 கிராம் ஒதுக்கினால் மாவுச்சத்துக்கு மிஞ்சுவது 10 கிராம். அதையும் மூன்று வேளைக்குப் பங்கு போட்டு, ஒவ்வொரு வேளையும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கும், டியூப் வழியாகப் பால் போகும் குழந்தைகளுக்கும் இதுவே பொருத்தம். அளந்து கலக்கிய பாலில் ஏமாற்றமும் அடமும் இல்லை.

மாற்றியமைத்த அட்கின்ஸ் முறை 2003-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து வந்தது. மாவுச்சத்து மட்டும் நாளைக்கு 10 முதல் 15 கிராமுக்குள். புரதத்துக்கும் கலோரிக்கும் கட்டுப்பாடில்லை, கொழுப்பைத் தாராளமாகச் சேர்க்க வேண்டும். இரண்டு வயதைத் தாண்டிய, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு என் முதல் யோசனை பெரும்பாலும் இதுதான்.

குறைந்த கிளைசெமிக் முறையில் 40 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உண்டு. ஆனால் ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் வகையாக இருக்க வேண்டும். நாலாவது, நடுத்தர நீளக் கொழுப்பமிலங்களால் ஆன எம்.சி.டி. எண்ணெயைக் கொண்டு கீட்டோன் உண்டாக்கும் முறை. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயும் எம்.சி.டி. எண்ணெயும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெயில் பெரும்பங்கு லாரிக் அமிலம். கீட்டோனாக வேகமாக மாறும் சிறிய கொழுப்பமிலங்கள் அதில் கொஞ்சம்தான். தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பு, தாராளமாகச் சமையுங்கள். ஆனால் சீட்டில் எம்.சி.டி. என்று எழுதியிருந்தால் செக்கு எண்ணெயை ஊற்றி ஈடுகட்ட முடியாது.

எய்ம்ஸில் 170 குழந்தைகளை வைத்து முதல் மூன்று முறைகளையும் ஒப்பிட்டு 2020-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 24 வார முடிவில் வலிப்பு குறைந்த அளவின் நடுமதிப்பு கிளாசிக்கில் 66 சதவீதம், அட்கின்ஸில் 45, கிளைசெமிக் முறையில் 54. பக்கவிளைவு மிகக் குறைவாக இருந்தது கடைசியாகச் சொன்ன கிளைசெமிக் முறையில். இதைப் பார்த்துவிட்டு "அப்போ 66-ஐயே எடுத்துக்கலாம்" என்று தோன்றும். அம்மா வேலைக்குப் போகிறார், பாட்டிதான் சமைக்கிறார், தராசில் ஒரு கிராம் படிக்க அவருக்குக் கண் தெரியாது என்றால், காகிதத்தில் 66 தரும் முறை அந்த வீட்டில் மூன்றாம் வாரமே நின்றுபோகும். வீட்டில் நடத்த முடிகிற முறையைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: தொடங்குவதற்கு முந்தைய வாரம்

முதலில் வீட்டாரை உட்கார வைத்துப் பேசுங்கள். தாத்தா, பாட்டி, அத்தை, மாடிவீட்டு அக்கா, பள்ளி ஆட்டோ ஓட்டும் அண்ணன் உட்பட எல்லோரிடமும். நான் பார்த்தவரை டயட் உடைவது பெரும்பாலும் அன்பினால்தான். "பாவம் குழந்தை, ஒரே ஒரு பிஸ்கட்தானே" என்று பாட்டி முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுப்பார். அந்த ஒரு பிஸ்கட் கீட்டோனைச் சரித்து, அன்று ராத்திரியே வலிப்பைக் கொண்டுவந்துவிடலாம். பாட்டியைத் திட்டிப் பயனில்லை. அவரையே டயட்டின் காவலாளி ஆக்குங்கள். கீட்டோன் பட்டையின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். சில வீடுகளில் அதன்பிறகு பாட்டி என்னைவிடக் கண்டிப்பாகிவிட்டார்.

பிறகு மருந்துகள். சிரப்புகளில் பெரும்பாலும் சர்க்கரையோ சார்பிட்டாலோ இருக்கும். வலிப்பு மருந்து, இருமல் மருந்து, பாராசிட்டமால், வைட்டமின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். மாத்திரையாக மாற்ற முடிந்ததை அவரே அளவு பார்த்து மாற்றுவார். சிரப் அளவையும் மாத்திரை அளவையும் நீங்களாக ஈடுகட்டாதீர்கள்.

வாங்க வேண்டியவை: ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு, சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகள், நல்ல நோட்டு ஒன்று. விலையேறிய 'கீட்டோ' பாக்கெட்டுகள் எதுவும் வேண்டாம்.

அந்த ஏழு நாளும் வலிப்பின் எண்ணிக்கை, நேரம், எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதுங்கள். பழைய கணக்கு இல்லாவிட்டால், மூன்று மாதம் கழித்துக் குறைந்ததா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வரும்.

படி 5: முதல் வாரம்

முன்பெல்லாம் பட்டினி போட்டுத் தொடங்குவார்கள். இப்போது அது தேவையில்லை. கிளாசிக் முறையில் 1:1, 2:1 என்று படிப்படியாக ஏற்றுகிறார்கள். சின்னக் குழந்தை என்றால் சில நாள் மருத்துவமனையில் வைத்தே தொடங்குவது நல்லது.

முதல் சில நாள் பிள்ளை சோர்ந்து கிடக்கலாம், வாந்தி எடுக்கலாம், சாப்பாட்டைத் தள்ளலாம். பெரும்பாலும் வாரத்துக்குள் சரியாகும். ஆனால் எழுப்ப எழுப்பத் தூங்குவது, வியர்த்து நடுங்குவது, ஆழமாக வேகவேகமாக மூச்சு வாங்குவது, விடாத வாந்தி என்றால் காத்திருக்காதீர்கள். சுகர் குறைந்திருக்கலாம், அல்லது கீட்டோன் மிஞ்சிப் போயிருக்கலாம். எந்த எண்ணுக்குக் கீழே சுகர் போனால், எத்தனை மில்லி ஜூஸ் கொடுக்க வேண்டும் என்பதைத் தொடங்கும் நாளிலேயே டாக்டரிடம் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

படி 6: தட்டில் என்ன வைப்பது?

இதுதான் தினசரிப் போராட்டம். சோறு இல்லாத தட்டு நம் வீட்டில் தட்டாகவே தெரியாது. வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர இட்லியே அட்கின்ஸ் முறையில் அன்றைய கணக்கில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். "அப்போ சிறுதானியம்?" என்று தவறாமல் கேட்பார்கள். ராகி, கம்பு, தினை எல்லாமே மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் ஆகியவற்றை இந்தக் கணக்கில் வெள்ளைச் சர்க்கரையாகவே பாருங்கள். பருப்பும் அப்படியே: காய்ந்த பருப்பு 100 கிராமில் 60 கிராம் வரை. சத்தான புரதம் என்று அள்ளிப்போடும் மீல்மேக்கரிலும் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் உண்டு.

கண்ணுக்குத் தெரியாமல் நுழைவன வேறு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். புளியில் சர்க்கரை அதிகம், அதனால் புளிப்புக்கு எலுமிச்சை. பாலில் 100 மில்லிக்கு 5 கிராம் அளவில் மாவுச்சத்து. 'சர்க்கரை சேர்க்காதது' என்று அட்டையில் போட்ட பொருளில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து இருக்கலாம். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையைப் படியுங்கள்.

ஆனால் நம் சமையலறையில் இதற்கு எதிரியைவிட நண்பர்கள்தான் அதிகம். பச்சைத் தேங்காய் 100 கிராமில் 33 கிராம் கொழுப்பு. நார்ச்சத்தைக் கழித்தால் மாவுச்சத்து 6 கிராம்தான். முட்டையில் ஒரு கிராம்கூட இல்லை. மீன், கோழி, நெய், வெண்ணெய், நல்லெண்ணெய், பனீர், கீரைகள், புடலங்காய், சுரைக்காய், காலிஃபிளவர். கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து சந்தைக்கு வரும் பட்டர் ஃப்ரூட் இதற்கென்றே விளைந்தது போல: 15 கிராம் கொழுப்பு, கழித்த மாவுச்சத்து 2 கிராமுக்குள். உருளை, சேனை, பீட்ரூட், வாழைக்காய் வேண்டாம்.

அட்கின்ஸ் முறையில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று தோராயமாகச் சொல்கிறேன். காலையில் இரண்டு முட்டை, 10 கிராம் சின்ன வெங்காயம், 20 கிராம் தேங்காய்த் துருவல் சேர்த்து வெண்ணெயில் ஆம்லெட்: 3 கிராம். மதியம் 100 கிராம் காலிஃபிளவரைத் துருவி நெய்யில் தாளித்து 'சோறு', கூடவே 50 கிராம் பனீர்: 5 கிராம். மாலையில் 15 கிராம் வேர்க்கடலை: ஒரு கிராமுக்குச் சற்று மேல். சின்னக் குழந்தைக்கும் அடிக்கடி வலிப்பு வரும் குழந்தைக்கும் கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பொடித்து வெண்ணெயில் உருட்டிக் கொடுங்கள். இரவில் தேங்காய் எண்ணெயில் வறுத்த மீனும் கீரைப் பொரியலும்: 2 கிராம். மொத்தம் 11, 12. உங்கள் பிள்ளைக்கு எத்தனை என்பதை உங்கள் டயட்டீஷியன்தான் சொல்ல வேண்டும்.

சைவ வீடுகளில் பனீர், வெண்ணெய், தேங்காய்ப்பால், கடலை, பாதாம் என்று சுற்றிச் சுற்றி வரும். சலிப்பு சீக்கிரம் தட்டும், ஆனால் நடத்த முடியும். ஆளி விதையைப் பொடித்துத் தோசை சுடுவது, சுரைக்காய் துருவி அடை போல் தட்டுவது எல்லாம் தாய்மார்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை.

இந்த உணவில் வைட்டமின்களும் தாதுக்களும் போதாது. சர்க்கரை இல்லாத மல்டிவைட்டமின், கால்சியம், வைட்டமின் டி தினமும் கட்டாயம். தண்ணீரை நிறையக் கொடுங்கள், மலச்சிக்கலுக்கும் கல்லுக்கும் அதுதான் முதல் காவல்.

படி 7: அளப்பது, எழுதுவது, வெளியே போவது

ஆரம்பத்தில் தினமும் சிறுநீரில் கீட்டோன் பாருங்கள். பட்டையில் 80 முதல் 160 வரை காட்டும் அடர்ந்த ஊதாதான் பொதுவாக இலக்கு. நிறம் வெளுத்தால் நேற்று எங்கோ ஏதோ உள்ளே போயிருக்கிறது. பிள்ளையைக் குற்றவாளியாக்காமல் தேடுங்கள்.

பள்ளியில் ஆசிரியரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். பிறந்தநாள் சாக்லேட் வரும் நாளுக்கென்று பென்சிலோ ஸ்டிக்கரோ ஆசிரியர் மேசையில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். கோயிலில் சர்க்கரைப் பொங்கலுக்குப் பதில் துளசியும் தேங்காய்ச் சில்லும் வாங்கிக்கொள்ளலாம். அந்த வயதில் பிள்ளைக்கு வலிப்பைவிடப் பெரிய வருத்தம் எல்லோரும் சாப்பிடும்போது தன் கை மட்டும் வெறுமையாக இருப்பது.

படி 8: காய்ச்சல் நாட்களும் அவசரமும்

இதை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள். சோர்ந்த குழந்தையைக் கண்டதும் நம்மூர்க் கிளினிக்கில் முதலில் செய்வது ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது. அது பல வார உழைப்பை ஒரு மணி நேரத்தில் கரைத்து, வலிப்பைத் தூண்டிவிடக்கூடும். உங்கள் டாக்டரிடம் ஓர் அட்டை எழுதி வாங்கி லேமினேட் செய்து எப்போதும் பையில் வையுங்கள்: "இந்தக் குழந்தை கீட்டோஜெனிக் உணவில் உள்ளது. டிரிப்ஸ் தேவைப்பட்டால் நார்மல் சலைன். சுகர் பார்த்து, குறைந்திருந்தால் மட்டும் குளுக்கோஸ்."

வயிற்றுப்போக்கில் ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா என்று பயப்படுவார்கள். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ் இருப்பது உண்மைதான். ஆனால் நீர் வற்றிப்போவது கீட்டோன் குறைவதைவிடப் பெரிய ஆபத்து. கொடுங்கள், கொடுத்துக்கொண்டே டாக்டரை அழையுங்கள்.

வலிப்பு வந்தால் பழைய வழிதான். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவிக்கொத்தைத் தேடி ஓடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்பிரே, உடனே மருத்துவமனை.

படி 9: மூன்று மாதத் தீர்ப்பு

ஒரு மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் வளர்ச்சி, கொழுப்பு, சிறுநீரகம், கால்சியம் எல்லாம் பார்க்க வேண்டும். கொழுப்பு அளவு ஆரம்பத்தில் ஏறுவது உண்டு. எண்ணெயின் வகையை மாற்றி, விகிதத்தைக் குறைத்துச் சரிசெய்வோம். உயரம் கூடுவது மந்தமாகலாம், அதனால்தான் ஒவ்வொரு முறையும் அளக்கிறோம்.

மூன்று மாதமாவது முழுதாகக் கொடுக்காமல் முடிவுக்கு வராதீர்கள். வலிப்பு குறைந்தாலும் மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பாகிவிடும் அபாயம் இருக்கிறது. சில பெற்றோர் வேறொன்றைச் சொல்வார்கள்: "வலிப்பு பாதிதான் குறைஞ்சிருக்கு, ஆனா இப்போ என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்." அதையும் நோட்டில் எழுதச் சொல்வேன். தொடர்வதா வேண்டாமா என்று பேசும்போது அந்த வரிக்கும் எடை உண்டு.

கேட்கவில்லை என்றால் அது உங்கள் தோல்வி அல்ல. சரியாகச் செய்தும் கேட்காத குழந்தைகள் பலர். அடுத்த வழியைப் பார்க்கலாம்.

படி 10: நிறுத்துவது

நன்றாகக் கேட்ட குழந்தைக்குப் பொதுவாக இரண்டு வருடம் தொடர்வோம். குளுட்-1 குறைபாட்டில் அதைவிடப் பல வருடம். நிறுத்துவதும் தொடங்கியதைப் போலத்தான்: சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை, விகிதத்தை 4:1, 3:1, 2:1 என்று இறக்கி, அல்லது மாவுச்சத்தைச் சில கிராம் கிராமாக ஏற்றி. இடையில் வலிப்பு கூடினால் முந்தைய படிக்கே திரும்புவோம். அதனால் நோட்டையும் பட்டையையும் தராசையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வருடம் கழித்துப் பிள்ளை சாப்பிடும் முதல் தயிர்சாதத்தையும் அந்தத் தராசில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்: முதல் வாரம் 20 கிராம் சோறு, கெட்டித் தயிர், மேலே கொஞ்சம் வெண்ணெய்.